டபுள் பிரேக் அண்ணி திவாலான கதை

நாத்தனாரைப் புகழ்ந்து எழுதத் தம்பி பெண்டாட்டி பேனா எடுத்திருக்கிறாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொள்ளுங்கள். கல்யாணமான புதிதில் எனக்கும் அவரைக் கண்டாலே ஆகாது. நான் கொடியில் காயப்போட்ட துணியை ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி உதறி, மறுபடி காயப்போடுவார். வாயைத் திறந்து ஒரு குறை சொல்லமாட்டார். சொல்லியிருந்தாலாவது நானும் பதிலுக்கு நாலு சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு அவர் ஒரே அக்கா. எனக்கு அண்ணி. மற்ற எல்லோருக்கும் டபுள் பிரேக்.

அந்தப் பட்டம் தொழிலால் வந்தது. அண்ணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றதும் கட்டடம், மேஜை, மணி என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு சின்னச் சிவப்புக் கார், அதன் தலையில் 'எல்' என்று எழுதிய ஒரு பெட்டி, உள்ளே அண்ணி. அவ்வளவுதான் ஸ்கூல். கற்றுக்கொள்கிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அண்ணி பக்கத்து சீட்டில். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வரும்போது கற்றுக்கொள்கிறவர் கண்ணை மூடிக்கொண்டாலும் வண்டி நிற்கும். நிறுத்தியது யார் என்று அண்ணி சொல்லிக்காட்ட மாட்டார். "பாத்தியா, எவ்ளோ அழகா நிறுத்தினே" என்பார். இந்த ஒரு பொய்யால் எத்தனை பெண்கள் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா! பயந்து சாகிறவர்கள் எல்லாம் அவரைத்தான் தேடி வருவார்கள். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் விசும்பி அழுத ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியை இப்போது மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போகிறார்.

அண்ணியின் வீட்டுக்காரர் போய்விட்டார். செத்துப்போகவில்லை, வேறு ஊருக்கு வேறு ஒருத்தியோடு போய்விட்டார். ஒரே மகள் நர்ஸிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆக அண்ணிக்குச் சோறு போட்டதும், மகளுக்குப் பீஸ் கட்டியதும் அந்தச் சிவப்புக் கார்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அந்தக் கார் இருக்குமா போகுமா என்பதுதான்.

கடன் வந்தது ஆடம்பரத்தால் இல்லை. ஆட்கள் கூடினார்கள், ஒரு வண்டி போதவில்லை, பேங்க்காரர்களே போன் மேல் போன் போட்டு இரண்டாவது காருக்குக் கடன் கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து, லைசென்ஸ் ஆபீஸில் டெஸ்ட் எடுக்கிற மைதானத்தைப் புதுப்பிக்கிறோம் என்று மூடினார்கள். டெஸ்ட்டே இல்லையென்றால் யார் கற்றுக்கொள்ள வருவார்கள்? மைதானம் பல மாதம் மூடிக் கிடந்தது, தவணை மூடவில்லை. தவணையைக் கட்ட ஒரு கிரெடிட் கார்டு. கார்டுக்குக் கட்ட அதே கம்பெனியின் இன்னொரு கார்டு. பயிற்சி கொடுக்கிற காலி மனைக்கு வாடகை பாக்கி, மெக்கானிக்கிடம் பாக்கி. ஒருநாள் காலையில் பேங்க் ஆட்கள் வந்து இரண்டாவது காரை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, மீதிக் கடன் இன்னும் இவ்வளவு இருக்கிறது, வட்டி இவ்வளவு ஏறியிருக்கிறது என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். கார் போயும் கடன் போகவில்லை! எந்தக் கணக்கில் இது சேர்த்தி என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

"ரெண்டு கார் வச்சிருந்தா இல்ல, அந்தத் திமிர்" என்று மாடி வீட்டுக்காரி சொன்னாள். அவளிடம் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

நாங்களும் அண்ணிக்குக் கடன் கொடுத்திருந்தோம். நான் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறேன். காலர் மட்டும். சட்டைக்குக் கை உண்டா, உடம்பு உண்டா என்பதெல்லாம் எனக்கு வேண்டாத விஷயம், காலையிலிருந்து மாலைவரை காலர். பல வருஷமாக நான் சேர்த்த பணம் அது. சொந்தமாக ஒரு தையல் கடை போட வேண்டும், ஒரு முழு உடுப்பை நானே வெட்டி நானே தைத்து ஒருத்தி கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அண்ணி தவித்த நேரத்தில் அதை எடுத்துக் கொடுத்தோம். மனசார என்று சொல்லமாட்டேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன்.

இப்போது கவனியுங்கள். எப்படியும் அடைக்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று ஆனபோது அண்ணி என்ன செய்தார்? கையில் மிஞ்சியிருந்த இரண்டு வளையலையும் விற்று, எங்கள் பணம் முழுவதையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"முதல்ல வீட்டுக் கடன். வெளிக் கடன் அப்புறம். நாளைக்கு ஊர் என்னைத் திவாலானவள்னு சொல்லட்டும். என் தம்பி பொண்டாட்டி சொல்லக் கூடாது."

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்வோம். நாலு பேர் முன்னால் கை விரிக்கிறதற்கு முன்னால் சொந்தத்துக்கு முடித்துவிட வேண்டும். அதுதான் மரியாதை. என் வீட்டுக்காரர் அக்காவை நினைத்துக் கண்கலங்கினார். நான் அந்தப் பணத்தோடு ஓடிப்போய், பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். பச்சை ஷட்டர். உள்ளே நல்ல வெளிச்சம். அன்றைக்கு எனக்கு ராத்திரித் தூக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகுதான் புதுச் சட்டம் வந்தது.

பழைய திவால் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு ஆனது இல்லை. தண்ணீரில் தத்தளிக்கிறவன் கையிலிருக்கிற கட்டையையும் பிடுங்கிக்கொண்டு, இப்போது நீந்து என்று சொல்லுகிற சட்டம். தையல் மிஷின், தள்ளுவண்டி, கார், எது இருந்தாலும் விற்றுவிடுவார்கள். கடன் எப்போது தீரும் என்பதற்கும் முடிவு கிடையாது. புதுச் சட்டம் வரப்போகிறது என்று டிவியில் செய்தி ஓடியபோது அண்ணி எங்கள் வீட்டில்தான் இருந்தார். தொழில் செய்கிற கருவியைப் பிடுங்க மாட்டார்கள். மூன்று வருஷம் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டிக்கொண்டு வந்தால் மீதிக் கடன் தள்ளுபடி. அண்ணி துள்ளி எழுந்தார். பருமனான உடம்பு அவருக்கு, துள்ளியதில் டீ கிளாஸ் பறந்தது.

"ஏய், சத்தம் வை, சத்தம் வை! மறுபடி சொல்லுவான்!"

மறுபடி சொன்னான். நான் அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முதல்முறையாக.

கோர்ட்டில் இலவசச் சட்ட உதவிக்கு ஒரு பெண் வக்கீல் உண்டு. எப்போதும் வாயில் ஒரு பெப்பர்மின்ட் இருக்கும். அவர் கேஸைப் போட்டார். ஒரு சிக்கலும் சொன்னார். கருவி என்றால் இவ்வளவு மதிப்புக்குள் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரம்பு உண்டாம். சிவப்புக் கார் அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது.

"பயப்படாதீங்க. தாண்டினா, விசாரணைக்கு வர்ற கடன் கொடுத்தவங்க கையைத் தூக்கி முடிவு பண்ணணும். பழைய சட்டத்துல யார் அதிகமாக் கொடுத்தாங்களோ அவங்க பேச்சுதான். பேங்க் ஒண்ணு போதும், கதை முடிஞ்சுது. இப்போ ஆளுக்கு ஒரு கை. பேங்குக்கும் ஒரு கை, மெக்கானிக்குக்கும் ஒரு கை. வராதவங்களுக்குக் கை கிடையாது."

"சமமா வந்தா?" என்று நான் கேட்டேன்.

"சமமா வந்தா வண்டி போயிடும்."

அண்ணி விரல் மடக்கினார். பேங்க்காரர்கள் வண்டியை விடக் கூடாது என்பார்கள். கார்டு கம்பெனி எங்கோ தூரத்தில் இருக்கிறது, அவர்கள் இந்த மாதிரிச் சின்னக் கேஸுக்கு வருவதேயில்லை என்று வக்கீல் சொன்னார். மெக்கானிக் நம் ஆள். காலி மனைக்காரர் முசுடு, ஆனால் அவர் பெண்ணுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். இரண்டுக்கு ஒன்று. வண்டி நமதுதான்!

கிளம்பும்போது வக்கீல் பெப்பர்மின்டை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "சொந்தக்காரங்க யாருக்காவது இந்த ஒரு வருஷத்துக்குள்ள பணம் திருப்பிக் குடுத்தீங்களா?"

"இல்ல மேடம்" என்றார் அண்ணி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லது செய்ததை ஏன் மறைக்க வேண்டும்? வெளியே வந்து கேட்டேன். அண்ணி பேச்சை மாற்றினார். விசாரணை நாளன்று காரில் போகும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கம்பெனியில் லீவு போட்டுவிட்டுத் துணைக்கு நான் போனேன். அண்ணி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"உள்ளே அந்த அதிகாரி ஒரு கேள்வி கேப்பாரு. நான் இல்லைன்னு சொல்லுவேன். நீ வாயைத் திறக்காதே."

"என்ன கேள்வி?"

"எல்லாருக்கும் பாக்கி வச்சுட்டு, சொந்தத்துக்கு மட்டும் முழுசாக் குடுத்தா அது தப்பாம். குடுத்ததைத் திரும்ப வாங்கிப் பொதுவுல போட்டு எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பாங்களாம். நான் ஏற்கெனவே விசாரிச்சுட்டேன்."

"அப்போ என் கடை?"

"அதான் சொல்றேன். வாயைத் திறக்காதே."

"பொய்னு தெரிஞ்சா?"

அண்ணி ஹார்ன் அடித்தார். முன்னால் யாருமே இல்லை.

பதிலை நான் கோர்ட் வராந்தாவில் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு முன்னால் ஒரு பேக்கரிக்காரரின் விசாரணை. மைத்துனன் பெயருக்கு அடுப்பை மாற்றியதை மறைத்திருக்கிறார். கேஸைத் தள்ளிவிட்டார்கள். இனி ஐந்து வருஷத்துக்கு இந்தச் சட்டத்தின் பக்கமே வர முடியாது. அந்த மனிதர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் திருகிக்கொண்டேயிருந்தார். நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

எங்களைக் கூப்பிட்டார்கள்.

கோர்ட் என்றால் உயரமான மேடை, கறுப்புக் கோட்டு என்று நினைத்திருந்தேன். அது ஒரு ஆபீஸ் அறை. நீளமான மேஜை, ஆடுகிற பேன், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். கடன் தீர்வு அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தும்மல். புதுச் சட்டத்தின் மெல்லிய புத்தகம் அவர் கையில் இருந்தது. எந்தக் கேள்விக்கும் அதைப் புரட்டித்தான் பதில் சொன்னார். சட்டமும் புதிது, அவரும் அதற்குப் புதிது. அதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

பேங்கிலிருந்து ஒரு அம்மாள், நீல பைலோடு. மெக்கானிக், குளித்து வந்தும் நகக்கண்ணில் கிரீஸ். காலி மனைக்காரர், யார் மீதோ கோபமாக இருப்பது போன்ற முகம். அவர்களுக்குப் பக்கத்தில் டை கட்டிய ஒரு ஆள்.

"அது யாரு?" என்று வக்கீலின் காதில் கேட்டேன்.

வக்கீல் பெப்பர்மின்டைக் கடித்தேவிட்டார். "கார்டு கம்பெனி. வந்துட்டாங்க."

இரண்டுக்கு இரண்டு. சமமா வந்தா வண்டி போயிடும். அண்ணியைப் பார்த்தேன். அவர் கணக்கை எனக்கு முன்னாலேயே போட்டுவிட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி சத்தியம் வாங்கினார். வருமானம் கேட்டார், செலவு கேட்டார், மகளின் பீஸ் கேட்டார். எல்லாவற்றுக்கும் அண்ணி கணீரென்று பதில் சொன்னார். பிறகு ஒரு தும்மல், அந்தக் கேள்வி.

"கடந்த ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது பணம் குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

பேங்க் அம்மாள் நீல பைலைத் திறந்தார். "ஒரு நிமிஷம் சார். ரெண்டாவது காருக்கு லோன் கேட்டப்போ இவங்க நகைன்னு ரெண்டு வளையல் காட்டியிருக்காங்க. இந்தச் சொத்துப் பட்டியல்ல அது இல்ல. வளையல் எங்கேன்னு கேளுங்க."

அதிகாரி பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார்.

"வளையல் எங்கேம்மா?" என்றார் அதிகாரி.

"தொலைஞ்சு போச்சு" என்றார் அண்ணி.

எத்தனையோ பேரைப் பார்த்துப் பொய் சொல்லிப் பழகிய வாய் அது. "எவ்ளோ அழகா நிறுத்தினே" என்று தினமும் சொல்லுகிற வாய். ஆனால் இந்தப் பொய் அவருக்கு வரவில்லை. குரல் உள்ளே போய்விட்டது. ஒரு குழந்தைகூட நம்பியிருக்காது. அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார். பேக்கரிக்காரரின் தண்ணீர் பாட்டில் என் கண்முன்னால் வந்தது.

நான் உடனே எழுந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. உடனே எழவில்லை. பச்சை ஷட்டரை நினைத்தேன். மிஷினை வாசல் வெளிச்சத்தில் போட்டிருந்தேன், மனதில். கண்ணாடியை வலதுபக்கச் சுவரில் மாட்டியிருந்தேன். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்றால், அவர் வேலை செய்கிற இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அண்ணி எனக்காகத் தன் சிவப்புக் காரைக் காவு கொடுக்கிறார், அதுவும் என் வாயை அடைத்துவிட்டு முடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் எனக்காக முடிவு செய்ய இவர் யார்? நான் காயப்போட்ட துணியை மறுபடி எடுத்து உதறுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"சார்!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"வளையல் தொலையல சார். வித்தாங்க. வித்த பணத்தை எனக்குக் குடுத்தாங்க. நான் இவங்க தம்பி பொண்டாட்டி. நாங்க குடுத்த கடன் சார், அதைத் திருப்பிக் குடுத்தாங்க."

"உட்காருடி!" என்று அண்ணி கத்தினார்.

"முடியாது!"

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது சார், இவ சொல்றது பொய்…"

"நீங்க பேசாதீங்க அண்ணி! சார், இவங்க சொல்றதுதான் பொய். எனக்காகச் சொல்றாங்க. அந்தப் பணத்தைக் கடைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன், அது போயிடக் கூடாதுன்னு சொல்றாங்க. நான் திருப்பிக் கட்டிடறேன் சார். எங்கே கையெழுத்துப் போடணும்?"

காலி மனைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அதிகாரி தும்ம வந்து, தும்மாமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார்.

"அம்மா, நான் இன்னும் உத்தரவு எழுதல. எழுதறதுக்குள்ள பதிலைத் திருத்திக்கலாம். எழுதிட்டா முடியாது. திருத்தறீங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். திட்டுகிற பார்வை அது, கெஞ்சுகிற பார்வையும் கூட. நான் தலையை ஆட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"திருத்தறேன் சார். குடுத்தேன். வீட்டுக் கடன்னு முதல்ல குடுத்தேன். தப்புன்னு அப்போ தெரியாது."

ஒரு தாளை நீட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் பணத்தைப் பொதுவில் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். கடை போனது. கார் இன்னும் நிச்சயமில்லை. இரண்டுக்கு இரண்டு. அந்த ஒரு நிமிஷம் நான் செய்தது புத்திசாலித்தனமா பைத்தியக்காரத்தனமா என்று எனக்கே தெரியவில்லை.

"சரி, வண்டி விஷயம்" என்றார் அதிகாரி. "கடன் கொடுத்தவங்க கையைத் தூக்கலாம்."

அப்போது எங்கள் வக்கீல் எழுந்து நின்றார். ஒரு புதுப் பெப்பர்மின்டைப் பிரித்துக்கொண்டே, ஏதோ சாதாரண விஷயம் போலச் சொன்னார். "அஞ்சு பேர் சார்."

"நாலு பேர்தானே?"

"பணத்தைத் திருப்பித் தர்றேன்னு இவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. அப்போ இவங்க குடுத்த கடன் மறுபடியும் பாக்கிதானே சார்? இவங்களும் கடன் கொடுத்தவங்கதான்."

பேங்க் அம்மாள் எழுந்தேவிட்டார். "அதெப்படி? சொந்தக்காரங்க கைக்கு மதிப்பு கிடையாது சார்!"

"பழைய சட்டத்துல" என்றார் வக்கீல்.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். நல்ல வேகமாகப் புரட்டியிருக்கலாம், பாவி மனுஷன் ஒவ்வொரு பக்கமாக விரலை நனைத்துப் புரட்டினார். நடுவில் ஒரு தும்மல், எங்கே விட்டோம் என்று மறந்து மறுபடி முன்னாலிருந்து புரட்டினார். அண்ணியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. டை கட்டிய ஆள்கூட எட்டிப் பார்த்தார்.

"இருக்கு" என்றார் அதிகாரி. அவருக்கே ஆச்சரியம். "திருப்பிக் கட்ட ஒத்துக்கிட்ட சொந்தக்காரங்களை மத்தவங்க மாதிரியே எண்ணணும்னு இருக்கு. அஞ்சு பேர். வண்டி இவங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

மெக்கானிக் கையைத் தூக்கினார், இரண்டு கையையும். "ஒரு கை போதும்" என்றார் அதிகாரி. காலி மனைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில், காது சொறிகிறவர் போல மெதுவாகக் கையைக் கொண்டுபோய், காதைத் தாண்டித் தூக்கினார். "வாடகை ஒழுங்கா வரணும், சொல்லிட்டேன்" என்றார்.

என் கை எப்போதோ மேலே போயிருந்தது. தோள்பட்டை வலித்தது. மூன்று!

நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். மெக்கானிக் விசிலடித்தார், அது எனக்கே கேட்டது. அதிகாரி மேஜையைத் தட்டினார், ஆனால் சிரித்துக்கொண்டேதான் தட்டினார். பேங்க் அம்மாள் பைலை மூடி, எங்களைக் கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நின்றார். "எனக்கும் ஒரு நாத்தனார் இருக்காங்க" என்றார்.

அண்ணிதான் கத்தவில்லை, சிரிக்கவில்லை. வக்கீலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு விறுவிறுவென்று கார் நிறுத்திய இடத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததேயில்லை. தன் வீட்டுக்காரர் ஓடிப்போன நாளில்கூட அழவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள்.

"உன் கடையை நான் தின்னுட்டேன்டி."

"நீங்க திங்கல. நான்தான் குடுத்தேன். முதல் தடவை மனசில்லாமக் குடுத்தேன். இப்போ கேட்டவங்க யாரும் இல்ல, நானாக் குடுத்தேன். போதுமா? வண்டியை எடுங்க, எனக்குப் பசிக்குது."

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னபோது "நான் இருந்திருந்தா எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது" என்றார். அவர் நல்ல மனுஷன்.

இரண்டு நாள் கழித்து அண்ணியும் நானும் அந்தக் கடைக்குப் போனோம். அட்வான்ஸைத் திருப்பி வாங்க வேண்டும். கடைக்குச் சொந்தக்காரர் முனகினார், பாதி மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார், மீதியைக் கொடுத்தார். சாவியைக் கொடுக்கப் போனபோது அண்ணி, "இருங்க, ஒரு நிமிஷம் உள்ளே பாத்துட்டு வர்றோம்" என்றார்.

உள்ளே போய் நடுவில் நின்றார். "எங்கே என்ன போடறதா இருந்தே? சொல்லு."

"விடுங்க அண்ணி."

"சொல்லுடி."

சொன்னேன். மிஷின் இங்கே, வெளிச்சத்தில். வெட்டுகிற மேஜை அங்கே. கண்ணாடி வலதுபக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு. அளவு கொடுக்க வருகிற பெண்கள் உட்கார ஒரு பெஞ்ச், குழந்தையோடு வந்தால் விளையாடவிட ஒரு மூலை. அண்ணி ஒவ்வொரு இடத்துக்கும் போய் நின்று பார்த்தார். கண்ணாடி இல்லாத சுவரின் முன்னால் நின்று புடவையைச் சரிசெய்துகொண்டார்.

"மூணு வருஷம்" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "அதுக்கப்புறம் எனக்கு யாருக்கும் ஒரு காசு பாக்கி இல்ல. பேங்குக்கு இல்ல, கார்டுக்கு இல்ல. உனக்கும் இல்லைன்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கு. போட்டிருக்கட்டும். உனக்கு மட்டும் இருக்கு. நான் சொல்றேன்."

"ஐயோ, மெதுவாப் பேசுங்க!" என்று பதறி வாசலை எட்டிப் பார்த்தேன். "சொந்தத்துக்கு மட்டும் தர்றேன்னு சொல்றது யார் காதுலயாவது விழுந்தா மறுபடியும் கூப்பிடுவாங்க!"

அண்ணி ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். காலிக் கடை முழுக்க எதிரொலிக்கிற மாதிரிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு முகமெல்லாம் கண்ணீராக இருந்தது. இருவரும் வெளியே வந்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஷட்டரை இழுத்துவிட்டோம்.